பிடித்த தளங்களைத் தேடிப் போகாமல் படிக்க: செய்தியோடையைப் பயன்படுத்தும் முறை

கேள்வி இதுதான்: இருபது முப்பது தளங்களைத் தொடர்ந்து படிக்க ஆசை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் பாதி நாள் புதிதாக ஒன்றும் இருப்பதில்லை. சமூக ஊடகத்தில் பின்தொடர்ந்தால் வரவேண்டியது கண்ணில் படுவதில்லை. மின்னஞ்சல் சந்தா போட்டால் அஞ்சல்பெட்டி நிரம்பி வழிகிறது. தளத்தின் புதுப் பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஆர்எஸ்எஸ் செய்தியோடை இன்னும் வேலை செய்கிறதா? செய்தால் எங்கிருந்து தொடங்குவது?

நன்றாகவே வேலை செய்கிறது. பாட்காஸ்ட் கேட்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தெரியாமலே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். ஒலிக்கோப்பின் முகவரியைத் தாங்கிய ஆர்எஸ்எஸ் ஓடைதான் பாட்காஸ்ட். வேர்ட்பிரஸ், பிளாகர், சப்ஸ்டாக், கோஸ்ட் போன்றவற்றில் அமைந்த தளங்களுக்கு ஓடை தானாகவே உருவாகிவிடும். தளத்தை நடத்துகிறவருக்கே அது இருப்பது தெரியாமல் இருக்கலாம். ஓடையின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு கிளம்பியதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். ஓடைகளைச் சேர்த்துப் படிக்க 2005இல் வந்த கூகுள் ரீடர் சேவை 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. பிறகு 2018 டிசம்பரில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 64ஆம் பதிப்பு, ஓடையைத் திறந்து காட்டும் வசதியை எடுத்துவிட்டது. படிக்க உதவிய கருவிகள் சில போயின, அவ்வளவுதான். தளங்கள் ஓடையை வெளியிடுவதை நிறுத்தவில்லை.

ஓடை என்பது தளத்தில் மாறாத ஒரு முகவரியில் இருக்கும் ஒரு கோப்பு. தளத்தின் கடைசிப் பத்து இருபது பதிவுகள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, சுட்டி, வெளியான நேரம், தனி அடையாளக் குறி, சுருக்கமோ முழு உரையோ இருக்கும். புதுப் பதிவு வந்தால் மேலே சேரும், கீழே உள்ள பழையது உதிரும். உங்கள் ரீடர் செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது வாங்கிப் பார்த்து, இதுவரை காணாத அடையாளக் குறி உள்ளவற்றை மட்டும் புதியவை என்று காட்டும். தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் முகவரி கொடுக்க வேண்டாம். எது முதலில் வரவேண்டும் என்று இடையில் யாரும் தீர்மானிப்பதில்லை.

வடிவங்கள் மூன்று. ராமநாதன் குஹாவும் டான் லிபியும் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் 1999 மார்ச்சில் உருவாக்கியது ஆர்எஸ்எஸ்ஸின் முதல் வடிவம். இன்று பரவலாக இருப்பது 2002இல் வந்த 2.0. ஆட்டம் (Atom) என்ற வடிவம் 2005 டிசம்பரில் இணையத் தரமாக வெளியானது. ஜேசன் ஃபீட் 2017இல் வந்தது. எல்லா நல்ல ரீடர்களும் ஆர்எஸ்எஸ், ஆட்டம் இரண்டையும் படிக்கும். ஒரு தளம் இரண்டையும் கொடுத்தால் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடையாளக் குறியும் திருத்திய நேரமும் கட்டாயம் என்பதால் குழப்பம் குறைவு. ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதுவே போதும்.

இனி ரீடர். இதில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடையைப் போய் வாங்குவது உங்கள் கருவியா, இணையத்தில் எப்போதும் இயங்கும் வேறொரு கணினியா, அதாவது வழங்கியா? ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர், ஃபீட்பின் போன்ற சேவைகளில் அவர்களுடைய வழங்கி இரவும் பகலும் வாங்கி வைக்கும். நீங்கள் உலாவியிலோ கைபேசியிலோ போய்ப் படிக்கலாம். ஆப்பிள் கருவிகளுக்கான நெட்நியூஸ்வயர், ஆண்ட்ராய்டுக்கான ஃபீடர், கணினியில் தண்டர்பேர்ட், முனையத்தில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) ஓடும் நியூஸ்போட் ஆகியவை உங்கள் கருவியிலிருந்தே நேரடியாக வாங்கக்கூடியவை. நான்கும் இலவசம், திறந்த மூலநிரல் கொண்டவை.

இந்த வேறுபாட்டை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வேர்ட்பிரஸ் ஓடையில் மாற்றாமல் விட்டால் 10 பதிவுகள்தான் இருக்கும். நாளுக்கு 40 பதிவு போடும் செய்தித்தளம் என்றால் அந்த 10 பதிவுகள் 6 மணி நேரத்தில் உதிர்ந்துவிடும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை மட்டும் விழிக்கும் கைபேசிச் செயலிக்கு அன்றைய செய்திகளில் பாதி தெரியவே தெரியாது. கைபேசியில் மின்கலச் சிக்கனம் செயலியைப் பின்னணியில் உறங்கவைத்துவிட்டால் இன்னும் மோசம். மாதம் ஒரு பதிவு போடும் தளம் என்றால் இரண்டு வாரம் கருவியை அணைத்து வைத்தாலும் ஒன்றும் தவறாது. ஆகவே நீங்கள் படிப்பவை பெரும்பாலும் நிதானமாக எழுதுகிறவர்களின் தளங்கள் என்றால் நேரடிச் செயலியே போதும். வேகமான தளங்கள் நிறைய இருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் படித்தாலோ வழங்கி வழியே போங்கள்.

சொந்தமாக வழங்கி வைத்திருப்பவர்களுக்கு ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ் இரண்டும் நல்ல தேர்வு. முதலாவது பிஎச்பியில் ஓடுவது; சாதாரணப் பகிர்வு வழங்கியிலும் நிறுவலாம். இரண்டாவதுக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தேவை, ஆனால் மிக இலகுவானது. இரண்டுமே கூகுள் ரீடரின் பழைய இணைப்பு முறையைப் பின்பற்றுவதால் பல கைபேசிச் செயலிகள் இவற்றோடு ஒத்திசையும். தண்டர்பேர்டில் ஓடைக்கென்று தனிக் கணக்கு உருவாக்கினால் ஒவ்வொரு பதிவும் ஒரு மின்னஞ்சல் போல வந்து நிற்கும். அஞ்சல் வடிகட்டிகளை அவற்றின் மேலும் போடலாம் என்பதால் கணினியிலேயே படிப்பவர்களுக்கு அது வசதியான இடம்.

ரீடர் கையில் வந்ததும் ஓடையின் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் எளிய வழி: தளத்தின் முகப்பு முகவரியை ரீடரின் சேர்க்கும் பெட்டியில் ஒட்டுங்கள். ஓடையின் முகவரி பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பகுதி நிரலில் எழுதப்பட்டிருக்கும், ரீடர் தானாக எடுத்துக்கொள்ளும். இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. முகப்புக்குப் பதிலாக ஏதோ ஒரு பதிவின் முகவரியை ஒட்டினால், வேர்ட்பிரஸ் தளங்களில் அந்தப் பதிவின் பின்னூட்ட ஓடையும் பட்டியலில் வரும். அதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டு, தளத்தில் எதுவும் வருவதில்லை என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருக்க நேரும். முகப்பையே ஒட்டுங்கள், இரண்டு ஓடை காட்டினால் பின்னூட்டம் என்று குறிப்பிடாததை எடுங்கள்.

அது பலிக்காவிட்டால் கணினி உலாவியில் அந்தப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல் விசையோடு யு விசையை அழுத்துங்கள். பக்கத்தின் மூலநிரல் திறக்கும். அங்கே ஆர்எஸ்எஸ் என்றும், பிறகு ஆட்டம் என்றும் ஆங்கில எழுத்தில் தேடுங்கள். ஆல்டர்நேட் என்ற சொல் உள்ள லிங்க் வரி ஒன்று கிடைத்தால், அதே வரியில் எச்ரெஃப் (href) என்பதற்குப் பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் இருப்பதுதான் ஓடையின் முகவரி. அது சாய்கோட்டில் தொடங்கினால் முன்னால் தளத்தின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் தளம் எதில் கட்டப்பட்டது என்பதை வைத்து ஊகிக்கலாம். கீழே தமிழில் எழுதியிருக்கும் முகவரித் துண்டுகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். வேர்ட்பிரஸ் என்றால் தளப் பெயருக்குப் பின் /ஃபீட்/. இதன் அருமை என்னவென்றால் எந்தப் பிரிவுப் பக்கத்துக்கும், குறிச்சொல் பக்கத்துக்கும், எழுத்தாளர் பக்கத்துக்கும் பின்னால் அதே /ஃபீட்/ சேர்த்தால் அந்தப் பகுதிக்கு மட்டுமான ஓடை கிடைக்கும். பலர் எழுதும் தளத்தில் உங்களுக்கு ஒருவரை மட்டும் படிக்க வேண்டும் என்றால் வேறு வடிகட்டியே வேண்டாம். பிளாகர் என்றால் /ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/டீஃபால்ட். அதன் பின்னால் /-/ போட்டு லேபிளின் பெயரைச் சேர்த்தால் அந்த லேபிளுக்கு மட்டும். லேபிள் தமிழில் இருந்தால் சில ரீடர்கள் முகவரியை ஏற்காமல் அடம்பிடிக்கும். லேபிள் பக்கத்தை உலாவியில் திறந்து, முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்தால் தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளாக மாறி வரும். அதில் லேபிளின் பெயரை மட்டும் அந்த வடிவத்தில் எடுத்து ஓடை முகவரியில் சேர்த்தால் சரியாகிவிடும்.

சப்ஸ்டாக்கில் /ஃபீட், கோஸ்டிலும் டம்ளரிலும் /ஆர்எஸ்எஸ், ஹியூகோவில் கட்டிய தளங்களில் பெரும்பாலும் /இன்டெக்ஸ்.எக்ஸ்எம்எல், ஜெக்கிலில் /ஃபீட்.எக்ஸ்எம்எல். மீடியத்தில் தளப் பெயருக்கும் எழுத்தாளர் பெயருக்கும் நடுவே /ஃபீட் நுழைக்க வேண்டும். மஸ்டடானில் ஒருவரின் பக்க முகவரிக்குப் பின்னால் புள்ளி வைத்து ஆர்எஸ்எஸ் என்று சேர்த்தால் அவருடைய பொதுப் பதிவுகள் வரும். கிட்ஹப்பில் ஒரு மென்பொருளின் ரிலீசஸ் பக்க முகவரியோடு .ஆட்டம் சேர்த்தால் புதிய பதிப்பு வெளியாகும்போது தெரிந்துகொள்ளலாம். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஆட்டம் ஓடை உண்டு. ஒரு கட்டுரையை யாராவது மாற்றுகிறார்களா என்று கண்காணிக்க அதைவிட எளிய வழி இல்லை.

யூடியூப் அலைவரிசைகளுக்கும் ஓடை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பல ரீடர்கள் அலைவரிசைப் பக்கத்தின் முகவரியை ஒட்டினாலே கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால் அலைவரிசையின் அறிமுகப் பெட்டியில் பகிரும் பொத்தானை அழுத்தி அலைவரிசைக் குறியை நகலெடுங்கள். யு, சி என்ற இரண்டு பெரிய எழுத்துகளில் தொடங்கும் 24 எழுத்துக் குறி அது. யூடியூப் முகவரிக்குப் பின் /ஃபீட்ஸ்/வீடியோஸ்.எக்ஸ்எம்எல்?சேனல்_ஐடி= என்று தட்டி அந்தக் குறியை ஒட்டுங்கள். கடைசி 15 காணொளிகள்தான் அதில் இருக்கும். குறுங்காணொளிகளும் கலந்தே வரும் என்பதால், அலைவரிசைக்காரர் தொடர்களைத் தனிப் பட்டியலாகப் பிரித்து வைத்திருந்தால் அந்தப் பட்டியலின் ஓடையைச் சேர்ப்பது நல்லது. சேனல்_ஐடி இருந்த இடத்தில் பிளேலிஸ்ட்_ஐடி என்று மாற்றினால் போதும்.

ஓடையின் முகவரியை உலாவியில் திறந்தால் கோணல் அடைப்புக்குறிகளும் எழுத்துமாக ஒரு நிரல் தெரியும், அல்லது கோப்பாகத் தரவிறங்கும். பலர் இதைப் பிழை என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அதுதான் ஓடை, முகவரியை அப்படியே நகலெடுத்து ரீடரில் ஒட்டுங்கள்.

ஓடையே இல்லாத தளங்களும் உண்டு. முதலில் தளத்தாருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். ஓடை இருந்தும் முகப்பில் சுட்டி விட்டுப்போன தளங்கள் ஏராளம், ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய வேலை அது. அதற்கு வழியில்லையென்றால் ஆர்எஸ்எஸ்-பிரிட்ஜ், ஆர்எஸ்எஸ்ஹப் என்ற இரண்டு திறந்த மூலநிரல் கருவிகள், பக்கத்தைப் படித்து ஓடையாக மாற்றித் தரும். ஆனால் இவை பக்கத்தின் அமைப்பை நம்பி வேலை செய்பவை. தளம் வடிவமைப்பை மாற்றிய அன்றே உடையும், சில சமயம் பிழைகூடச் சொல்லாமல் வெறுமையாக நிற்கும். மிக அவசியமான ஓரிரு தளங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சல் மடலாக மட்டும் வருவதை ஓடையாக்கவும் வழி உண்டு. கில் த நியூஸ்லெட்டர் என்ற இலவசச் சேவை ஒரு மின்னஞ்சல் முகவரியையும் அதற்குரிய ஆட்டம் ஓடையையும் சேர்த்து உருவாக்கித் தரும். ஃபீட்பின், நியூஸ்பிளர், இனோரீடர் ஆகியவற்றிலும் இதே வசதி உண்டு. முதலில் ஓடையை ரீடரில் சேர்த்துவிட்டு, பிறகு அந்த முகவரியால் மடலுக்குச் சந்தா போடுங்கள். உறுதிசெய்யச் சொல்லும் மடலும் ரீடருக்குத்தான் வரும். அங்கே உள்ள சுட்டியை அழுத்தாவிட்டால் சந்தா தொடங்காது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இப்படிக் கிடைத்த ஓடை முகவரியை யாரிடமும் பகிராதீர்கள். மடலின் அடியில் உள்ள விலகும் சுட்டி உங்கள் பெயரில் இருப்பது, வேறு யார் அழுத்தினாலும் உங்கள் சந்தா போய்விடும். காசு கட்டிப் பெறும் பாட்காஸ்ட் ஓடைகளுக்கும் இதே எச்சரிக்கை: அந்த முகவரிக்குள்ளேயே உங்கள் சாவி இருக்கிறது.

சில ஓடைகளில் பதிவின் முதல் இரண்டு வரிகள் மட்டும் வரும். ரீடரில் அந்த ஓடைக்கான அமைப்பில் முழு உரையை எடுக்கும் தெரிவு இருக்கிறதா பாருங்கள்; மினிஃப்ளக்ஸ், ஃபீடர், நெட்நியூஸ்வயர் மூன்றிலும் உண்டு. கட்டணச் சுவர் உள்ள தளங்களிலும், உரையைப் பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு ஏற்றும் தளங்களிலும் இது பலிக்காது. அங்கே தலைப்பைப் பார்த்துத் தளத்துக்குப் போவதுதான் வழி.

இனிச் சொல்லப்போவதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள். ஓடை அதிகம் பயன்படுவது அரிதாக எழுதுகிறவர்களுக்கு. நாளுக்கு ஐம்பது செய்தி போடும் தளத்துக்கு நீங்கள் எப்படியும் போகத்தான் போகிறீர்கள். எந்த நேரம் போனாலும் புதிதாக ஏதாவது இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அருமையான கட்டுரை எழுதுகிறவரின் தளத்தை எத்தனை தடவை போய்ப் பார்ப்பீர்கள்? நான்கு முறை ஏமாந்தால் மறந்தே போவீர்கள். அவரை மறக்காமல் வைத்திருப்பதுதான் ஓடையின் தலையாய உபயோகம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே ஏழெட்டுப் பெரிய செய்தித்தளங்களின் முழு ஓடையையும் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் படிக்காதவை ஆயிரத்தைத் தாண்டும். அந்த எண்ணைப் பார்த்தே ரீடரைத் திறக்க மனம் வராது. அரிதாக எழுதுகிறவர்களின் பதிவுகள் அந்தக் குவியலுக்கு அடியில் போய்விடும்.

ஆகவே முதல் மாதம் பதினைந்து இருபது ஓடைகள் போதும், அவையும் நிதானமானவையாக இருக்கட்டும். கோப்புறைகளை அரசியல், அறிவியல், சினிமா என்று பொருள்வாரியாகப் பிரிக்கத் தோன்றும். அதைவிட முக்கியத்துவத்தை வைத்துப் பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்: ஒரு வரிகூட விடாமல் படிக்க வேண்டியவை ஒரு கோப்புறை, நேரம் இருந்தால் படிப்பவை ஒன்று, தலைப்பை மட்டும் ஓட்டிப் பார்ப்பவை ஒன்று. மூன்றாவது கோப்புறையில் மூன்று நாளுக்கு முந்தையவற்றைப் படித்ததாகக் குறித்துவிடும் தெரிவை அழுத்தத் தயங்காதீர்கள். படிக்காதவற்றின் எண்ணிக்கையைக் காட்டும் சிவப்புக் குறியை அந்தக் கோப்புறைக்கு அணைத்துவிடுவது நல்லது. பெரிய செய்தித்தளம் கட்டாயம் வேண்டும் என்றால் முழு ஓடையைச் சேர்க்காமல், வேண்டிய பிரிவின் ஓடையை மட்டும் எடுங்கள்.

சொல் வடிகட்டியும் பயன்படுத்தலாம். ஆனால் தமிழில் அதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. தேர்தல் செய்திகள் வேண்டாம் என்று ‘தேர்தல்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ‘தேர்தலில்’, ‘தேர்தலுக்கு’ என்று வருபவை சிக்காது. யூனிகோடில் ‘ல்’ என்பது லகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். ‘லி’ என்பதில் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடும், அதனால் பொருந்தாது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘தேர்தல’ என்று கொடுங்கள். ‘தேர்தல்’ உட்பட எல்லா வேற்றுமை வடிவங்களும் அகப்படும். முழுச்சொல் பொருத்தம் என்ற தெரிவு இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். ‘அம்’ என்று முடியும் சொற்களில் இது போதாது. ‘படம்’, ‘படத்தை’, ‘படங்கள்’ மூன்றுக்கும் ‘படம’, ‘படத்த’, ‘படங்க’ என்று தனித்தனியாகத் தர வேண்டும். ஒகர, ஓகாரக் குறிகளைச் சில தளங்கள் ஒரே குறியாகவும் சில தளங்கள் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் வடிகட்டிக்கு வேறு வேறு. ‘கொ’, ‘போ’ போன்றவை உள்ள சொல் சரியாகப் பிடிபடவில்லை என்றால், அந்தத் தளத்திலிருந்தே சொல்லை நகலெடுத்து வடிகட்டியில் ஒட்டிப் பாருங்கள்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்? மணிக்கு ஒருமுறை தாராளம். நல்ல ரீடர், முன்பு வாங்கிய கோப்பின் அடையாளத்தை அனுப்பி, மாறியிருந்தால் மட்டும் கொடு என்று வழங்கியிடம் கேட்கும். மாறவில்லையென்றால் 304 என்ற சிறு பதில் மட்டும் வரும். எல்லா வழங்கிகளும் இதைச் சரியாகச் செய்வதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் சிறு தளங்களுக்குப் பாரமாகும், சில தளங்கள் 429 என்று பதில் சொல்லி உங்களைத் தற்காலிகமாகத் தடுத்துவிடும். உடனுக்குடன் வேண்டும் என்றால் வெப்சப் முறையை ஆதரிக்கும் ரீடர் தேவை. யூடியூப், பிளாகர் போன்றவை புதுப் பதிவு வந்ததும் தாங்களே சொல்லியனுப்பும் முறை அது. ரீடர் இணையத்தில் எட்டக்கூடிய வழங்கியில் இருந்தால்தான் அந்த அறிவிப்பு வந்து சேரும்; கைபேசிச் செயலிக்கு நேரடியாக வராது.

கெட்டுப்போகும் இடங்களைப் பார்ப்போம்.

திடீரென்று ஒரு தளத்தின் பழைய பதிவுகள் எல்லாம் புதியவையாக வந்து குவிந்தால், தளத்தார் முகவரியையோ மென்பொருளையோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பதிவின் அடையாளக் குறியில் தள முகவரி கலந்திருந்தால், முகவரி மாறியதும் குறியும் மாறும். ரீடர் அவற்றைப் புதியவை என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் பக்கத்தில் கோளாறு இல்லை. ஒருமுறை எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டால் தீர்ந்தது.

ஓடை சத்தமில்லாமல் நின்றுபோவதுதான் கவலைக்குரியது, ஏனென்றால் எழுதுகிறவர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்துவிடுவோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நெடுநாள் அசையாத ஓடைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றின் தளத்தையும் திறந்து, அங்கே புதுப் பதிவு இருந்தும் ரீடரில் இல்லையென்றால் ஓடை இடம் மாறியிருக்கிறது. மேலே சொன்ன வழியில் மறுபடி கண்டுபிடியுங்கள். கூகுளின் ஃபீட்பர்னர் என்ற இடைச்சேவை வழியாக வரும் பழைய ஓடைகளில் இது அதிகம் நடக்கும். தளத்தின் சொந்த ஓடை கிடைத்தால் அதற்கு மாறிவிடுங்கள். மினிஃப்ளக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இயல்பமைப்பில் 3 முறை பிழை வந்தால் அந்த ஓடையை மேற்கொண்டு கேட்காமல் நிறுத்திவிடும். தளம் ஒரு நாள் படுத்துவிட்டாலே அந்த நிலை வரலாம். பிழையுள்ள ஓடைகளை நீங்களே ஒருமுறை கையால் புதுப்பித்தால் மறுபடி ஓடத் தொடங்கும்.

உலாவியில் திறக்கும் ஓடை ரீடரில் 403 என்று வந்தால், தளத்துக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்பு அடுக்கு உங்கள் ரீடரை இயந்திர ஊடுருவல் என்று நினைத்துத் தடுக்கிறது. உலாவிக்கு வைக்கும் சோதனையை ரீடரால் கடக்க முடியாது. பெரிய சேவைகளின் முகவரிகள் மொத்தமாகத் தடுக்கப்பட்டிருக்கும்போது, வீட்டு இணைப்பிலிருந்து நேரடிச் செயலி எளிதாக வாங்கிவிடுவதும் உண்டு. நிலையான தீர்வு தளத்தாரிடம்தான் இருக்கிறது: ஓடை முகவரிக்கு மட்டும் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கச் சொல்லி, எந்த ரீடரில் எந்த நேரம் தடுக்கப்பட்டது என்ற விவரத்தோடு எழுதுங்கள்.

படிக்க முடியவில்லை என்று ரீடர் பிழை காட்டினால் ஓடைக் கோப்பே உடைந்திருக்கலாம். ஆர்எஸ்எஸ்ஸும் ஆட்டமும் எழுதப்படும் எக்ஸ்எம்எல் மிகவும் கண்டிப்பான வடிவம். தலைப்பில் ஒரு அம்பர்சாண்ட் குறி (&) உரிய மாற்றெழுத்து இல்லாமல் வந்துவிட்டாலோ, வலைப்பக்கத்தில் மட்டும் செல்லுபடியாகும் இடைவெளிக் குறி நுழைந்தாலோ முழு ஓடையும் படிக்காமல் போகும். வேர்ட்பிரஸ் தளங்களில் வழக்கமான குற்றவாளி, கோப்பின் முதல் வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி. ஏதோ ஒரு செருகுநிரலின் பிஎச்பி கோப்பில் கடைசியில் விட்ட வெற்று வரிதான் அப்படி முன்னால் வந்து நிற்கும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நடத்தும் ஓடை சரிபார்ப்புப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் எந்த வரியில் என்ன பிழை என்று சொல்லிவிடும். அந்த முடிவின் சுட்டியைத் தளத்தாருக்கு அனுப்பினால் அவர்கள் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரிவது வேறு கோளாறு: கோப்பு யுடிஎஃப்-8இல் இருக்க, வழங்கி வேறு குறியாக்கத்தின் பெயரைச் சொல்லி அனுப்புகிறது. பதிவு எப்போதும் பட்டியலின் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது.

இவ்வளவு உழைத்துச் சேர்த்த பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து வையுங்கள். பெரும்பாலான ரீடர்களில் இந்தத் தெரிவு இருக்கும். ஓடைகளின் பெயர்கள், முகவரிகள், கோப்புறைகள் அனைத்தும் ஒரு சிறு கோப்பில் அடங்கிவிடும். ரீடர் சேவை மூடப்பட்டாலும் கவலை இல்லை. வேறொன்றில் இறக்குமதி செய்தால் ஒரு நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். எதைப் படித்தீர்கள், எதற்கு நட்சத்திரம் போட்டீர்கள் என்பவை அதில் வரா. எனவே பாதுகாக்க வேண்டிய கட்டுரைகளை நட்சத்திரம் போட்டு மட்டும் விடாமல் சுட்டியையோ உரையையோ தனியாகச் சேமியுங்கள். கோப்பை நண்பருக்கு அனுப்புவதாக இருந்தால் உரைத் திருத்தியில் திறந்து, காசு கட்டிப் பெற்ற ஓடைகளையும் மடல் ஓடைகளையும் முதலில் நீக்கிவிடுங்கள்.

உங்களுக்கே ஒரு தளம் இருந்தால், வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ் பகுதியின் ரீடிங் பக்கத்தில் ஓடையில் காட்டும் பதிவுகளின் எண்ணிக்கையை 10இலிருந்து 20 ஆக்கி, முழு உரையைத் தேர்ந்தெடுங்கள். பிளாகரில் செட்டிங்ஸ் பகுதியில் சைட் ஃபீட் என்ற இடத்தில் ஃபுல் என்று வையுங்கள். தளத்தை வேறு முகவரிக்கு மாற்றும் நாளில் பழைய ஓடை முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் போட்டு, அதை எடுக்காமல் விட்டுவையுங்கள். எப்போதோ ஒருமுறை விழிக்கும் ரீடர்களும் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேரும்.